வீட்டு வாசலில் கார் கழுவுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருப்பூரில் பனியன் கம்பெனி கட்டிங் செக்‌ஷனில் ரொம்ப வருஷம் இருந்தவன் நான். வாசலில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது, வயது ஒன்பது. அதை வெளியே கழுவக் கொடுத்தது ஒரே ஒரு தடவைதான். அதனாலேயே ஒரம்பரையில் யார் புது வண்டி எடுத்தாலும் எனக்குப் போன் வந்துவிடும். கேட்டதையே மறுபடி மறுபடி கேட்கிறார்கள் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏனுங்ணா, தினமும் காலையில பனியன் வேஸ்ட்டுல ஒரு துடை துடைச்சுட்டுத்தான் வண்டிய எடுக்கறேன். நல்லதுதானுங்களே?

இல்லைங்க. நம் ஊர் வண்டிகளின் பெயின்ட் மங்குவதற்கு முதல் காரணமே இந்தக் காலைத் துடைதான்.

கம்பெனியிலிருந்து வரும் கார் பெயின்ட் மொத்தமாகவே 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், இரண்டு முடி கனம். அதில் மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான்தான். பளபளப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. ராத்திரி படிந்த தூசியில் மணல் பொடி கலந்திருக்கும். காய்ந்த துணியை அதன்மேல் வைத்து இழுத்தால் உப்புத்தாளை வைத்து இழுத்த மாதிரிதான். ஒரு நாளில் தெரியாது. ஆறு மாசம் கழித்து, ராத்திரி பெட்ரோல் பங்க் விளக்கடியில் வண்டியை நிறுத்திப் பாருங்கள், பானட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியது போல வட்ட வட்டமாகக் கோடு தெரியும். கறுப்பு வண்டியாக இருந்தால் பார்க்கவே வயிறு எரியும்.

பனியன் வேஸ்ட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். கட்டிங் மேசையிலிருந்து கீழே விழுந்து, சீமாறில் கூட்டி, மூட்டை கட்டி வெளியே போகிற துணி அது. காட்டன், பாலியெஸ்டர், லைக்ரா எல்லாம் கலந்திருக்கும். ஓவர்லாக் அடித்த ஓரம் இருக்கும், சில துண்டில் எலாஸ்டிக்கும் லேபிளும்கூட ஒட்டியிருக்கும். தரையில் கிடந்த மண்ணும் சேர்ந்தே வரும். வீல் உள்பக்கம், கதவுக் கீல், ஆயில் ஸ்டிக், கிரீஸ் கை எல்லாவற்றுக்கும் அதைப் போல வேறில்லை. பெயின்ட்டுக்கு மட்டும் வேண்டாம்.

காலையில் அவசரமென்றால் முன் கண்ணாடி, பக்கக் கண்ணாடி, நம்பர் பிளேட் மூன்றையும் ஈரத்துணியில் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள். மேலே தூசி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். போச்சாது.

அப்ப எந்தத் துணி வாங்கறது?

மைக்ரோஃபைபர். ஜிஎஸ்எம் என்றால் என்னவென்று திருப்பூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்கிற கணக்கு. நாம் போடும் டி-சர்ட் 160, 180 ஜிஎஸ்எம் இருக்கும். வண்டியைத் துடைக்க 300-க்கு மேல், ஈரம் ஒற்ற 500-க்கு மேல் பார்த்து வாங்குங்கள். லேபிளில் பாலியெஸ்டர் 80, பாலிஅமைடு 20 என்றோ 70, 30 என்றோ போட்டிருக்கும். பாலிஅமைடு கூடினால் ஈரம் உறிஞ்சுவதும் கூடும். ஓரத்தில் தையல் இல்லாமல் வெட்டியதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. லேபிள் இருந்தால் பிய்த்துவிடுங்கள், அதுவே கோடு போடும்.

துவைப்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். வீட்டுத் துணியோடு சேர்த்து மெஷினில் போட்டால் பஞ்சு அத்தனையும் இதில் ஒட்டிக்கொள்ளும். கம்ஃபர்ட் வகைகளை ஊற்றினால் நூல் அடைத்து உறிஞ்சாது. தனியாக, லேசான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டால் போதும். கீழே மண்ணில் விழுந்த துணி அன்றோடு வீல் துணி ஆகிவிட்டது. உதறிவிட்டு மறுபடி பானட்டுக்குக் கொண்டு போகாதீர்கள்.

எங்க வீட்டுல போர் தண்ணிதான். கழுவுன பொறகுதான் வண்டி இன்னும் அசிங்கமா தெரியுது, வெள்ளை வெள்ளையா. என்ன பண்றது?

கோவையில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்காரருக்கு இந்தக் கேள்வியே எழாது. பல்லடம், அவிநாசி, காங்கயம் பக்கம் போர் தண்ணீர் புழங்குகிறவர்கள் எல்லோரும் கேட்பது இது. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும்தான் அந்த வெள்ளை. தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு வண்டியிலேயே தங்கிவிடும். வெயிலில் அப்படியே சுட்டால் நாளடைவில் கிளியர் கோட்டையே தின்று குழி போட்டுவிடும்.

வழி இரண்டு. ஒன்று, தண்ணீர் தானாகக் காய விடக் கூடாது. கழுவி முடித்த கையோடு ஒற்றி எடுத்துவிட வேண்டும். விடியற்காலையோ பொழுது சாய்ந்தோ, நிழலில் கழுவுங்கள். பானட்டில் கை வைத்தால் சூடு தெரியக் கூடாது.

இரண்டு, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். அதற்கு எங்கே போவது என்கிறீர்களா? வீட்டு ஏசியின் வடிகுழாய்க்கு அடியில் ஒரு வாளி வையுங்கள். காற்றிலிருந்து குளிர்ந்து சொட்டுகிற தண்ணீர், உப்பு கிட்டத்தட்டக் கிடையாது. ராத்திரி முழுக்க ஓடினால் வண்டியைக் கடைசியாக அலச வேண்டிய அளவு சேர்ந்துவிடும். மழைநீர் பிடித்து வைக்கிற தொட்டி இருந்தால் அதைவிட வேறென்ன வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ஆர்ஓ மெஷின் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்காமல் கார் கழுவுகிறேன் என்று பலர் பெருமையாகச் சொல்கிறார்கள். மெஷின் பிரித்தெடுத்த உப்பு முழுக்க அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது, போர் தண்ணீரைவிட மோசம். வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே படிந்த வெள்ளைக்கு: வெள்ளை வினிகரும் நல்ல தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் நனைத்து, கறைமேல் ஒரு நிமிஷம் வைத்திருந்து, லேசாகத் துடைத்து உடனே அலசுங்கள். அதற்கும் போகாமல் வட்டம் தெரிந்தால் அது உப்பு அல்ல, குழி. பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

சரிங்ணா, கழுவுற முறையச் சொல்லுங்க. வரிசையா.

முதலில் வீல். அழுக்கு அதிகம் அங்கேதான், அதைக் கடைசியில் கழுவினால் சுத்தமான பாடிமேல் தெறிக்கும். வீலுக்கென்று தனி வாளி, தனித் துணி.

பிறகு மேலிருந்து கீழாக வெறும் தண்ணீர். இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். கை படாமல், தண்ணீரே எவ்வளவு மண்ணை இறக்குமோ அவ்வளவையும் இறக்கிவிட வேண்டும். அடுத்து இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். துணிக் கையுறையை ஷாம்பில் நனைத்து ஒரு கதவு தேய்த்தால், வெறும் தண்ணீர் வாளியில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு வாளிக்குள் போக வேண்டும். முடிந்ததும் அந்த இரண்டாவது வாளியின் அடியில் படிந்திருக்கும் மண்ணைப் பாருங்கள். ஒரே வாளியாக இருந்திருந்தால் அவ்வளவும் பெயின்ட்மேல்தான் போயிருக்கும். மேலே கூரை, கண்ணாடி, பானட், கடைசியில் கதவுக்குக் கீழ்ப்பாதி. சுற்றிச் சுற்றித் தேய்க்காமல் நேர்க்கோட்டில் தேய்க்கவும்.

நாலைந்து வாளித் தண்ணீரில் ஒரு கார் முடிந்துவிடும். குழாயைத் திறந்துவிட்டுத் தெருவெல்லாம் ஓடவிட வேண்டியதில்லை, நம் ஊர் தண்ணீர் கஷ்டம் நமக்குத் தெரியாததா.

பிரஷர் வாஷர் இருந்தால் ஒன்றரை அடியாவது தள்ளிப் பிடியுங்கள். பெயின்ட் பெயர்ந்த ஓரம், ஸ்டிக்கர், கதவு ரப்பர் பக்கம் கிட்டத்தில் அடித்தால் பிய்த்துக்கொண்டு போகும். பானட்டைத் திறந்து என்ஜின்மேல் அடிக்கவே கூடாது.

பாத்திரம் வெளக்குற லிக்விட், துணி பவுடர் போடலாங்களா?

ஒரு தடவை போட்டதும் பெயின்ட் உரிந்துவிடாது. ஆனால் எண்ணெயை எடுக்கத்தான் அவை இருக்கின்றன, மேலே போட்ட வாக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். துணி பவுடர் காரம் அதிகம், சரியாகக் கரையாத குருணை கோடும் போடும். தலைக்குப் போடுகிற ஷாம்பு பரவாயில்லை. கார் ஷாம்பு ஒரு பாட்டில் வாங்கினால் மூடிக் கணக்கில்தான் செலவாகும், மாசக்கணக்கில் வரும்.

ஆடி மாசம் காத்துல மண்ணு வந்து அப்புது. கவர் போட்டு மூடிடலாமா?

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், உடுமலைக் காற்றாலைகளை எல்லாம் சுற்ற வைக்கிறது. உங்கள் வண்டிக் கவரை விட்டுவைக்குமா? தூசி படிந்த வண்டிமேல் கவரைப் போட்டு வெட்டவெளியில் நிறுத்தினால், காற்றில் அது படபடவென்று அடித்து ராத்திரி முழுக்க உங்கள் வண்டியைத் தேய்க்கும். காலையில் நீங்கள் பனியன் வேஸ்ட்டில் ஐந்து நிமிஷம் செய்கிற வேலையை அது எட்டு மணி நேரம் செய்கிறது. ஆனி முதல் ஆவணி வரைக்கும் வெளியில் கவர் வேண்டாம். போர்ட்டிகோவுக்குள், கழுவித் துடைத்த வண்டிக்கு, இறுக்கிக் கட்டிப் போடலாம்.

பொள்ளாச்சிப் பக்கம் எங்க தோட்டத்துல தென்னை மரத்தடியிலதான் வண்டி நிக்குது. மேல பிசுபிசுன்னு ஒட்டுது, அப்பறம் கறுப்பாகுது. மரத்துப் பாலுங்களா?

பால் இல்லைங்க, வெள்ளை ஈ. ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே 2016-இல் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னையில்தான். ஓலைக்கு அடியில் சாறு உறிஞ்சிவிட்டு அது கழிக்கிற சர்க்கரைத் தண்ணீர்தான் உங்கள் வண்டிமேல் சொட்டுவது. அந்த இனிப்பில் கரும்பூஞ்சணம் பிடித்துக் கறுப்பாகிறது, கீழ் ஓலை கறுத்துப் போவதும் இதனால்தான்.

சர்க்கரை என்பதால் தண்ணீரில் கரைந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து ஐந்து நிமிஷம் போர்த்தி ஊற வையுங்கள், சுரண்ட வேண்டாம். வாரக்கணக்கில் விட்டால்தான் பாடு. சொல்லப்போனால் தென்னை மரத்தடியில் வண்டி நிறுத்துகிறவருக்குப் பிசுபிசுப்பு ஒரு கவலையா? மட்டையும் நெத்துக் காயும் விழுந்தால் என்ன செய்வீர்கள்? நிழல் வேண்டுமென்றால் நாலு தகரம் போட்டுக்கொள்ளுங்கள்.

பறவை எச்சம்?

அன்றைக்கே எடுக்க வேண்டும். அதில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் கிளியர் கோட் சூடாகி இளகி, சாயங்காலம் குளிர்ந்து இறுகும்போது எச்சத்தின் உருவம் அப்படியே பதிந்துவிடும். வண்டியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் துணியும் எப்போதும் இருக்கட்டும். நனைத்து, ஊறவிட்டு, ஒற்றி எடுங்கள்.

எச்சத்தைவிட மயில்தான் இப்போது பெரிய தொல்லை. தோட்டத்துச் சாலையில் நிறுத்தினால், கழுவிப் பளபளவென்றிருக்கும் கதவில் தன் உருவத்தையே பார்த்து வேறொரு மயில் என்று கொத்தி, காலால் பிறாண்டிவிடும். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் மயிலுக்காகவே பின்கதவை அழுக்காக விட்டு வைத்திருக்கிறார். நான் சிரிக்கவில்லை. கதவுப் பக்கம் ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டாலும் போதும்.

ஆயுத பூசைக்குப் பொறகு கறை போக மாட்டேங்குது.

நோம்பி கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது. ஆனால் அன்று வைப்பதில் நாலு விஷயம் பெயின்ட்டுக்கு ஆகாது.

திருநீறு சாம்பல். காய்ந்ததைத் துணியால் துடைத்தால் கோடு விழும், தண்ணீர் ஊற்றித்தான் கரைக்க வேண்டும். குங்குமத்தில் சாயம் கலந்தது நிறைய வருகிறது, வெயிலில் இரண்டு நாள் விட்டால் வெள்ளை வண்டியில் ரோஸ் வட்டம் நிற்கும். சந்தனம் குழைத்து வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தால் பெயின்ட்டில் நேராகப் படாது. இன்னும் நல்லது, பொட்டைக் கண்ணாடியில் வைப்பது.

மோசமானது வாழைக்கன்று. முன்னால் கட்டும்போது வெட்டுவாயிலிருந்து வடியும் நீர் தண்ணீர் மாதிரிதான் இருக்கும், காற்றுப் பட்டதும் பழுப்பாகி நிற்கும். வாழைக்கறை வேட்டியிலேயே போகாது. வெட்டிய முனையைப் பாலிதீன் பையால் கட்டிவிடுங்கள், கயிறு உரசுமிடத்தில் துணி வையுங்கள். சூடத்தைத் தட்டில் காட்டுங்கள், பானட்மேல் ஏற்றாதீர்கள்.

வெள்ளை வண்டியில ஊசி குத்துன மாதிரி ஆரஞ்சுப் புள்ளி. துருப் புடிச்சுருச்சா?

வேலைக்கு எங்கே போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். கோவையில் கணபதி, குறிச்சி சிட்கோ பக்கம் ஃபவுண்டரி, கிரைண்டிங் பட்டறை ஓரமாக நிறுத்துகிறவர்களுக்கும், ரயில்வே ஸ்டேஷனில் நாள் கணக்கில் விடுகிறவர்களுக்கும் இது வரும். காற்றில் வருகிற இரும்புப் பொடி பெயின்ட்டில் பதிந்து துருப்பிடிக்கிறது. துரு அந்தப் பொடிக்குத்தான், உங்கள் தகரத்துக்கு இல்லை.

கழுவிய வண்டிமேல், மெல்லிய பாலிதீன் பைக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் பதிந்திருக்கிறது. அயர்ன் ரிமூவர் என்று கேட்டு வாங்கி அடித்தால் இரும்பு உள்ள இடமெல்லாம் கத்தரிப்பூ நிறமாக வடியும், பார்க்க வேடிக்கையாக இருக்கும். வெயிலில் அடிக்காதீர்கள், காய்வதற்கு முன் கழுவிவிடுங்கள். மீதிக்கு கிளே பார், பதிந்த பொடியை ஒட்டி எடுக்கிற களிமண் மாதிரியான கட்டி. ஷாம்புத் தண்ணீர் நிறைய விட்டு வழுக்க வேண்டும். கீழே விழுந்த கிளே துண்டு குப்பைக்குத்தான்.

வாக்ஸ், டெஃப்லான், செராமிக், எது போடலாம்?

வாக்ஸ் நம் வெயிலில் ஒன்றிரண்டு மாசம். சீலன்ட், அதாவது வாக்ஸ் போலவே தேய்க்கிற செயற்கைப் பூச்சு, நாலைந்து மாசம். செராமிக் என்பது சிலிக்கா கலந்தது, பெயின்ட்டோடு இறுகிப் பிடிப்பதால் வருஷக்கணக்கில் நிற்கும், விலையும் ஆயிரங்களில். கல் தெறித்தாலோ சாவியால் கீறினாலோ எதுவும் காப்பாற்றாது. உப்புத் தண்ணீர்க் கறை செராமிக் மேலும் வரும்.

டெஃப்லான் கோட்டிங் என்று சொல்லி ஷோரூமில் பில்லில் சேர்ப்பார்கள். டெஃப்லான் எனப்படும் பொருள் உருகவே சுமார் 327 டிகிரி வேண்டும். வாசலில் வைத்துத் தேய்த்தால் நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பிடிப்பது போலப் பெயின்ட்டில் பிடிக்காது. அதுவும் ஒரு பாலிஷ்தான். வீட்டில் செய்கிறவருக்கு என் பரிந்துரை சீலன்ட்: வருஷத்துக்கு மூன்று தடவை, ஒரு ஞாயிறு காலை.

மண்ணெண்ணெய், டீசல் போட்டுத் துடைப்பது பழைய லாரிக்காரர் வழக்கம். அன்றைக்கு மின்னும், மறுநாள் தூசி அத்தனையும் அதில் ஒட்டும், ரப்பர் ஊறி உப்பும்.

டேஷ்போர்டுக்குத் தேங்காய் எண்ணெய்?

வேண்டாம். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் 60 டிகிரியைத் தாண்டும், எண்ணெய் சிக்கு வாடை அடித்து, தூசியைப் பிடித்துப் பிசினாகும். கடையில் விற்கிற மினுமினு ஸ்பிரேயும் எனக்குப் பிடிக்காது. சாயங்காலம் மேற்கே பார்த்துப் பல்லடத்திலிருந்து கோவைக்கு ஓட்டிப் பாருங்கள், டேஷ்போர்டின் மினுமினுப்பு முன்கண்ணாடியில் அடித்துக் கண்ணே தெரியாது. ஸ்டியரிங்கிலும் பெடலிலும் பட்டால் வழுக்கும். ஈர மைக்ரோஃபைபர் போதும், கண்ணாடிக்குக் கீழே ஒரு சன்ஷேடு போதும்.

தேங்காய் எண்ணெய்க்கு ஒரே வேலை உண்டு. புது ரோட்டுத் தார் தெறித்த புள்ளிமேல் தடவிப் பத்து நிமிஷம் விட்டால் இளகி வந்துவிடும். பிறகு ஷாம்பு போட்டுக் கழுவிவிடுங்கள்.

சீட்டுக் கறைகளுக்கு?

*மஞ்சள்:* ஈரோட்டுக்காரர்களின் கேள்வி. சோப்புப் போட்டதும் சிவப்பாக மாறுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் மாறும். ஈரத்துணியில் முடிந்ததை எடுத்துவிட்டு, அந்தப் பக்கக் கதவைத் திறந்து வெயில் படும்படி நாலு நாள் நிறுத்துங்கள். வெயிலில் மஞ்சள் வெளுத்துவிடும். வெயில் நம் வண்டிக்குச் செய்கிற ஒரே உபகாரம் இதுதான்.

*நெய்:* கட்டுச்சோறாக அரிசிம்பருப்புச் சாதம் கொண்டு போகிற வீடுகளில் இது நிச்சயம். தேய்த்தால் பரவும். அரிசி மாவையோ பவுடரையோ தூவி அரைமணி நேரம் விட்டு, உறிஞ்சியதும் தட்டிவிட்டு, பாத்திர லிக்விட் இரண்டு சொட்டு கலந்த தண்ணீரில் ஒற்றி எடுங்கள்.

*பழனிப் பஞ்சாமிர்தம்:* கறையைவிட எறும்புதான் பிரச்சினை. சீட்டுக்கும் பெல்ட் மாட்டுமிடத்துக்கும் நடுவில் இறங்கியிருக்கும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மூன்று நாலு தடவை துடையுங்கள். எறும்பு சாக்பீஸை உள்ளே தேய்க்காதீர்கள், குழந்தைகள் கை படும்.

சீட் கவர் மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று எழுதிய துண்டு இருந்தால் அதை மூடித் தைத்த கவர் போடக் கூடாது.

ஏசி போட்டதும் ஈரத்துணி நாத்தம்?

குளிர்ந்த காயிலில் ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கிறது. வீடு சேர இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போதே ஏசியை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓட விடுங்கள், காய்ந்துவிடும். பெரும்பாலான வண்டிகளில் கிளவ்பாக்ஸுக்குப் பின்னால் கேபின் ஃபில்டர் இருக்கும், கையாலேயே கழற்றலாம். எங்கள் ஊரில் பஞ்சுத் தூசி படிந்து பழைய பனியன் மாதிரியே வெளியே வரும். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

ஊட்டி, வால்பாறை போயிட்டு வந்தா?

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. இறங்கி வரும்போது பிரேக் பொடி வீலில் சுடச்சுடப் பதியும். ஆனால் வந்ததும் வராததுமாக வீலில் தண்ணீர் அடிக்காதீர்கள், கொதிக்கிற பிரேக் டிஸ்க் கோணிக்கொள்ளலாம். மறுநாள் கழுவலாம். கால் வைக்கிற மேட்டை உதறும்போது அட்டைப்பூச்சி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில குடுத்தா அரைமணி நேரத்துல முடிச்சுத் தர்றாங்களே?

ஆரம்பத்தில் சொன்ன அந்த ஒரே தடவை: வண்டி வாங்கிய மூன்றாம் மாசம், அவசரமாகக் கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்து ஒரு வாட்டர் வாஷ் கடையில் விட்டேன். எனக்கு முன்னால் செங்கல் ஏற்றுகிற வேன் ஒன்று நின்றது. அதைத் தேய்த்த அதே ஸ்பாஞ்சை, அதே வாளியில் முக்கி என் பானட்டில் வைத்தார் பையன். தடுப்பதற்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டார். அந்தக் கோட்டை இன்றும் வெயிலில் காட்டுகிறேன், பார்க்க வருகிறவர்களுக்கு. கடைக்குத்தான் போக வேண்டுமென்றால், வெறும் தண்ணீரும் ஷாம்பு நுரையும் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள், துடைக்கிற துணியை நீங்களே கொண்டு போங்கள். முறைப்பார்கள், பரவாயில்லை.

எலி வராம இருக்க என்ஜின்ல பொகையில வைக்கிறாங்களே, பலிக்குமா?

எங்கள் மாமா வைத்தார். அடுத்த வாரம் ஒயரும் போயிருந்தது, புகையிலையும் போயிருந்தது. தோட்டத்தில் ராத்திரி பானட்டைத் தூக்கி நிறுத்தி வைக்கிறார்கள், வெளிச்சமும் காற்றும் படும் இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும். உள்ளே முறுக்குத் தூள் சிந்தாமல் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம்.